சத்தமில்லாமல் சொன்ன சாட்சி

சின்னராசாவுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை, பிள்ளைகளே. முதலில் போனது பெண்சாதியின் குரல்தான். ராமலட்சுமி அடுப்படியிலிருந்து கத்துவாள். இவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தேயிலை பெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா ரோட்டில் நின்று கட்டைக் குரலில் கூப்பிட்டால் எழுந்து ஓடுவார்.

"பெரிய மனுசங்க கூப்பிட்டா மட்டும் காது தொறந்துக்கும்! நான்னா பூட்டிக்கும்!" என்பாள்.

பதுளையில் காது பார்க்கிற டாக்டர் லரீபாதான் புரியவைத்தார். காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். கீச்சுக் குரல் வாசலுக்குக் கிட்ட உள்ள மயிரை அசைக்கும். கட்டைக் குரல் உள்ளே சுருளின் கடைசி வரைக்கும் போகும். வருஷக்கணக்காக இரைச்சலில் நின்றால் வாசல் பக்கத்து மயிர்தான் முதலில் சாகும். "எல்லாச் சத்தமும் வாசலை மிதிச்சிட்டுத்தானே உள்ள போகுது? செத்த மயிர் திரும்ப மொளைக்காது," என்றார். ராமலட்சுமி அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள்.

இரைச்சல் வேறெங்குமில்லை, தோட்டத்து பெக்டரியில்தான். கொழுந்து உருட்டுகிற ரோலர் அறையில் யாரும் குரலால் பேசுவதில்லை. வாயை மெதுவாக அசைத்தால், எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சின்னராசாவுக்கு எதிர் மெஷினில் நின்றவர் ஜெயரூபன். சொந்தத் தங்கச்சி விஜயலெட்சுமியின் புருஷன். இரண்டு பேரும் அப்படியே ஊர்வம்பு பேசி, கங்காணியின் தொப்பையைக் கேலி செய்து சிரிப்பார்கள்.

காது கேட்காத சின்னராசாவை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தது தோட்டம். மெஷினால்தான் காது போனது என்று தெரிந்தால், சத்தமில்லாத இடத்தில் வேலை கொடுத்தாக வேண்டும். விசாரிக்க ஓர் அதிகாரியும், அவருக்கு உதவியாகத் தயானி என்ற பெண்ணும் வந்தார்கள். அன்று மெஷின்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாட்சி ஜெயரூபன்தான்.

"கவலப்படாதீங்க மச்சான், நான் இருக்கேன்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆபீஸ் அறைக்குக் கண்ணாடிச் சுவர். சின்னராசா வெளியே ரோலர் பக்கம் நின்று பார்த்தார். ஜெயரூபனின் உதடு அசைந்தது.

"அவருக்குச் சின்ன வயசுலயே காது மந்தமுங்க. நான் பொண்ணு கட்டும்போதே தெரியும்."

ஒரு எழுத்து தப்பவில்லை. எத்தனை வருஷம் பார்த்த உதடு!

வெளியே வந்தவரிடம் சின்னராசா வாயால் மட்டும் கேட்டார்: "ஏன் மாப்புள?"

ஜெயரூபனுக்கு முகம் செத்துப்போனது. அவரும் குரல் இல்லாமலே சொன்னார்: "எனக்கும் கேக்கல மச்சான். மெஷினாலதான்னு ஆயிருச்சுன்னா எல்லாரையும் சோதிப்பாங்க. சத்தமில்லாத வேல ஒருத்தருக்குத்தான் இருக்கும், என்னை நிப்பாட்டிருவாங்க. புள்ளைங்க சின்னதுங்க."

"அப்ப நானு?"

"நீங்க பொறுத்துக்குவீங்க. எப்பவும் பொறுத்துக்கிறவருதானே."

அந்தப் பேச்சுதான், கண்ணுகளா, அவரை ஆபீசுக்குள் தள்ளிக்கொண்டு போனது.

"ஐயா," என்றார். தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறதென்று அவருக்குத் தெரியாது. "என் மாப்புள முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. இந்த அம்மாவ அவரு பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க."

தயானி கதவருகே போய்க் கூப்பிட்டாள். மெல்லிய குரல். ரோலர் அறையில் நின்ற மற்ற ஆட்கள் எல்லாரும் திரும்பினார்கள். மறுபடியும் கூப்பிட்டாள். ஜெயரூபன் ரோலரைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார்.

எதிரெதிரே நின்ற இரண்டு பேருக்கும் கேட்கவில்லையென்றால் மெஷின்தான் காரணம் என்று அதிகாரி எழுதினார். சின்னராசாவுக்குத் துரை பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை கிடைத்தது. சோதனை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமென்று ஜெயரூபனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாயந்தரம் விஜயலெட்சுமி அண்ணனின் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு பேசினாள். அண்ணன் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்திருந்தால் அத்தனையும் விளங்கியிருக்கும். அவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் திரும்பிப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெண்சாதியிடம் கேட்டார்: "என்ன சொல்லிட்டுப் போறா?"

ராமலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.