செவுளில் கை வைக்கக்கூடாது

1

ஒரு வாக்கியத்தை நான் சொன்னேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான். வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

வாக்கியம் இது: “செவுளில் கை வைக்கக்கூடாது.” மொத்தம் மூன்று சொற்கள். இதை சோலைமுத்துவிடம் சொல்லும்படி அனந்தகிருஷ்ணன் என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் சொன்னது சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது. அதன் பிறகு அந்த வாக்கியம் எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை.

மற்றதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது. 2006 டிசம்பர், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓமனில் சலாலாவிலிருந்து மிர்பாத் போகும் சாலை. (டிசம்பர்தானா? நவம்பராகவும் இருக்கலாம். மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்திருந்தது, அவ்வளவுதான். துல்லியம் என்று சொல்லி முடிப்பதற்குள் இந்த லட்சணம். விலகிக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே விலகலாம், நான் தவறாக நினைக்கமாட்டேன்.)

2

இதுவரை எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘கண்ணாடியை உடைத்துப் பரப்பியதுபோல் கிடந்தது கடல்.’ கடல் அப்படிக் கிடக்கவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல், ஆங்காங்கே பாறை. குளியலறைத் தரை மாதிரி இருந்தது.

‘சோலைமுத்துவுக்கு அன்று காலையிலிருந்தே வலது கண் துடித்துக்கொண்டிருந்தது.’ எனக்கு எப்படித் தெரியும்? நானா அவர் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தேன்?

‘நான் ஒரு மௌனி.’ இதை எழுதியபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. பேசவேண்டிய இடத்தில் பேசாதவனுக்கு இதைவிட மரியாதையான பெயர் தமிழில் இல்லை. அடித்துவிட்டேன்.

3

அனந்தகிருஷ்ணன் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர். நங்கநல்லூர்க்காரர். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் ஏன் மீன் பிடித்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆங்கிலேய கன்சல்டன்ட் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் தூண்டிலை அவருக்குப் பரிசளித்துவிட்டுப் போனார். வெள்ளைக்காரர் கொடுத்ததை வீணாக்கக்கூடாது என்பதும் அவருடைய ஆசாரங்களில் ஒன்று.

சாதாரணத் தூண்டில் அல்ல அது. முள்ளில் இரை கிடையாது. நூலும் ரோமமும் சுற்றி இறால்போலச் செய்த ஒரு பொய் இருக்கும். அதற்கு எடையே கிடையாது, எடையெல்லாம் தடித்த நூலில். அந்த நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, ஆழமில்லாத் தண்ணீரில் தலைகீழாக மேயும் போன்ஃபிஷ் என்ற மீனின் மூக்குக்கு முன்னால், அது திடுக்கிடாதபடி இறக்கவேண்டும். மாட்டினால் ஒரு படம் எடுத்துக்கொண்டு உயிரோடு விட்டுவிடவேண்டும். கொல்லக்கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் வேதம். வேட்டையும் கொல்லாமையும் ஒரே வெள்ளிக்கிழமையில் கிடைக்கிறதென்றால் நங்கநல்லூர் வேண்டாமென்றா சொல்லும்?

அவர் மனைவி ராதா மட்டும் சொன்னார். மீன்பட்ட எதுவும் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. ஆகவே தூண்டில் ஆபீஸில், என் நாற்காலிக்குப் பின்னால் வாழ்ந்தது. நான் அங்கே டாக்குமெண்ட் கன்ட்ரோலர். வருகிற காகிதத்துக்கெல்லாம் எண் போட்டு அடுக்குவது என் வேலை. சத்தம் வராத வேலை.

ஆறு வெள்ளிக்கிழமைகள் அனந்தகிருஷ்ணனுக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை. கன்சல்டன்ட் மின்னஞ்சலில் படம் கேட்டுக்கொண்டிருந்தார்.

4

சோலைமுத்து சைட்டில் கம்பி கட்டுபவர். சிவகங்கைப் பக்கம், கடலே இல்லாத ஊர். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கிச் சேற்றில் கையால் மீன் பிடிக்கும். அங்கே பழகிய கண். முதல் வெள்ளிக்கு முன்பே ஒருநாள் கடலோர அளவெடுப்பின்போது, “அந்தா நாலு மேயுது சார்” என்று அவர் கைகாட்ட, அனந்தகிருஷ்ணனுக்குத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. அன்றோடு சோலைமுத்துவின் வெள்ளிக்கிழமைகள் பறிபோயின. ஆபீஸ்காரர்களுக்கு வியாழன் மதியமும் வெள்ளியும் விடுமுறை. கேம்பில் இருப்பவர்களுக்கு வெள்ளி மட்டும்தான்.

[இந்த இடத்தில் அவரை அப்பாவியாக எழுதிவிடும் ஆசை வருகிறது. வெள்ளந்திச் சிரிப்பு, பெரிய கை, இத்யாதி. வாசகர் எளிதில் இரங்குவார். ஆனால் சோலைமுத்து அப்படி இல்லை. வாயாடி.]

“அண்ணே, ஒரு சந்தேகம்” என்றார் ஒருமுறை. “புடிக்கிறதே விடுறதுக்குன்னா, புடிக்காமயே விட்டுட்டு ரூமுக்குப் போயிரலாம்லண்ணே?”

“சார்கிட்ட கேளுங்க.”

“சார்கிட்ட கேட்டா லீவு போயிரும்ணே.”

லீவுதான் விஷயம். அவர் தங்கை ராக்கம்மாவின் மகள் ஜோதிமணிக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். ராக்கம்மாவுக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த அண்ணன் மூன்று வருடமாக ஓமனில். லீவு கிடைக்காமல் இரண்டு முறை நாள் குறித்துத் தள்ளிப்போட்டாகிவிட்டது. பிள்ளைக்கு ஆறு வயது.

“பள்ளிக்கூடத்துல மூளிக்காதி, மூளிக்காதின்னு கூப்புடுறாளுகளாம்ணே. தங்கச்சி போன்ல ஒரே அழுகை. ஆசாரியக் கூட்டியாந்து குத்திவிடு ஆத்தான்னா, உன் மடி எங்கண்ணேங்குறா. மடிய எப்பிடிண்ணே பார்சல் போடுறது?”

மூன்றாவது முறையாகத் தையில் நாள் குறித்திருந்தார்கள். படிவத்தை நான்தான் டைப் செய்தேன். அனந்தகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டு, “ஒரு மீன் கிடைக்கட்டும், அன்னிக்கே அங்கேயே கையெழுத்து” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மேனேஜர் சிரித்துக்கொண்டு சொல்வதைத் தொழிலாளி சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ள முடியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. (இதை எண்ணிக்கொண்டே வாருங்கள்.)

5

ஏழாவது வெள்ளி. பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். முன்னால் இரண்டே இருக்கை. சோலைமுத்து பின்னால் திறந்த தட்டில், தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மடியில் அப்போதைக்கு அதுதான்.

படிவத்தை நான் டேஷ்போர்டின் மேல், கண்ணில் படும்படி வைத்திருந்தேன். என் வாழ்நாளின் துணிச்சல் அவ்வளவுதான்.

அனந்தகிருஷ்ணன் ஒரு மீன்பிடிப் பத்திரிகையைப் படித்துக்கொண்டு வந்தார். “பாலகுரு, சோலைமுத்துக்குப் புரியறாப்ல சொல்லிடுங்கோ. மீன் மாட்டினா, தூக்கறச்சே செவுள்ல கை வைக்கப்படாது. ரத்தம் வந்துடுத்துன்னா பொழைக்காதாம். கையை நனைச்சுண்டு, வயித்துக்குக் கீழ தாங்கணும்.”

“எறங்கினதும் சொல்றேன் சார்.”

இருவரும் தமிழர்கள். ஒருவருக்கொருவர் தமிழில் பேசிக்கொள்ள நடுவில் நான். சைட்டில் பாகிஸ்தானி ஃபோர்மேனிடம் இந்தியில் நேராகப் பேசுகிற அனந்தகிருஷ்ணனுக்கு, சிவகங்கையோடு பேச மட்டும் துபாஷி தேவைப்பட்டது.

இறங்கினோம். ஓதம் ஏறிக்கொண்டிருந்ததால் அனந்தகிருஷ்ணன் அவசரமாகத் தண்ணீருக்குள் போனார். சோலைமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். நான் இருக்கைக்கு அடியிலிருந்து என் புத்தகத்தை எடுத்தேன்.

அதற்கு முன் அவரைக் கூப்பிட்டேனா? ஒருவகையில் கூப்பிட்டதாக நினைவு. “சோலைமுத்து, ஒரு நிமிசம்—”

[இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் குரல் தெளிவாக, கொஞ்சம் கம்பீரமாகவே இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.]

6

மீன்.

“சார், அசையாதீங்க. பாறைக்குக் கெழக்க. வாலு வெளிய தெரியுது.”

“எங்கே?”

“அந்தா மினுங்குதுல்ல. உங்க நெழலு விழுகுது, குனிங்க. இன்னும் குனிங்க சார், மேனேஜரெல்லாம் அப்பறம்.”

அனந்தகிருஷ்ணன் குனிந்தார். வீசினார். ஏழு வாரத்தில் முதல்முறையாக நூல் அவர் தொப்பியில் சிக்காமல் நேராகப் போய் விழுந்தது. ஒரு வெள்ளி வால் திரும்பியது. அடுத்த கணம் ரீல் கிரீச்சிட்டது.

நான் புத்தகத்தை மூடினேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

மீன் ஓடியது. நூறு மீட்டர் இருக்கும். திரும்ப இழுத்துவந்தால் மறுபடி ஓடியது. மூன்றாம் முறை களைத்துப் பக்கத்தில் வந்தபோது நூல் பாறையில் சுற்றிக்கொண்டது. “போயிடும், போயிடும்!” என்று கத்தினார் அனந்தகிருஷ்ணன். “பிடி! சோலைமுத்து, பிடி!”

ஏழு வாரத்தில் அவர் சோலைமுத்துவிடம் பெயர் சொல்லி நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

சோலைமுத்து முழங்காலிட்டு விழுந்தார். கண்மாயில் எப்படியோ அப்படி: ஒரு கை வாலடியில், மறு கையின் கட்டைவிரல் செவுளுக்குள். சேற்றில் வழுக்கும் மீனுக்கு அந்த ஒரே பிடிதான் உண்டு. அங்கே பிடித்ததை யாரும் திரும்ப விடுவதில்லை. தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். வாயெல்லாம் சிரிப்பு.

“சார்! மூணு கிலோ வரும் சார்! லீவு சார்!”

முழங்கை வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மீனுடையது.

அனந்தகிருஷ்ணன் திட்டவில்லை. கையை நனைத்துக்கொண்டார். மீனை வாங்கித் தண்ணீருக்குள் தாங்கி, பத்திரிகையில் போட்டிருந்தபடி முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். “போ, போ, சாமி, போயிடு” என்று முணுமுணுத்தார். மூன்று முறை விட்டார். மூன்று முறையும் அது புரண்டு வயிற்றைக் காட்டியது. இருபது நிமிடம். இவ்வளவு நேரம் அந்த மனிதரைக் கிண்டல் செய்துகொண்டே வந்த எனக்கு, இந்த இருபது நிமிடத்துக்கு ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் எறும்பை மிதிக்காமல் நடந்தவரின் கையில் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது.

பிறகு நிமிர்ந்து, கரையில் நின்ற என்னைப் பார்த்தார்.

“நான் சொல்லச் சொன்னேனே பாலகுரு. நீங்க அவர்கிட்ட சொல்லலையா?”

சோலைமுத்துவும் என்னைப் பார்த்தார். என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்திருந்தது. அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நான் நிறையப் படித்தவன்.

அலை சத்தம் இருந்தது. ஒரு கடற்பறவை. வேறொன்றுமில்லை.

“ஓ” என்றார் அனந்தகிருஷ்ணன், என் மௌனத்தைப் படித்துவிட்டு. “சொல்லியும் பண்ணியிருக்கார்.”

7

இங்கே இரண்டு முடிவுகள் கைவசம் உள்ளன.

முதலாவது: “இல்ல சார். நான் சொல்லல. என் தப்பு” என்கிறேன். அனந்தகிருஷ்ணன் பெருமூச்சு விடுகிறார். ஈரக் கையைத் துடைத்து, வண்டியின் பானெட்டில் படிவத்தை வைத்துக் கையெழுத்திடுகிறார். எழுத மிகவும் சுலபமான முடிவு. சொல்லவும் சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது: பல வருடம் கழித்து சோலைமுத்து போன் செய்கிறார். நான் தயங்கிக் கேட்கிறேன். “சொன்னீங்கண்ணே. எனக்குத்தான் கை கேக்கல” என்கிறார். நான் ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னல் வழியே வெகுநேரம்...

அப்படி ஒரு போன் வரவில்லை. என்னை மன்னிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுவதற்காக நான் தயாரித்தது. அந்த மனிதரிடம் ஏழு வெள்ளிக்கிழமைகளை வாங்கியது போதாதென்று.

சொன்னேனா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சொல்லியிருந்தால்கூடக் கரையில் நின்றபோது “சொன்னேன் சார், ஆனா நீங்கதான் பிடின்னு கத்தினீங்க” என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆக, கதையின் முதல் பக்கத்திலிருந்து நான் எழுப்பிவந்த சந்தேகம் ஒரு சௌகரியமான சந்தேகம்தான். ஞாபகமறதியின் பின்னால் ஒளிந்துகொள்வது எழுத்தாளர்களுக்கு அழகு என்கிறார்கள்.

8

சனிக்கிழமை படிவம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. ‘ஆள் பற்றாக்குறை. ஜூனில் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தது. எண் போட்டு அடுக்கினேன்.

மீனைப் புதைத்துவிடச் சொல்லியிருந்தார் அனந்தகிருஷ்ணன். சோலைமுத்து அதைக் கேம்புக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தார். எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். “பாத்துச் சாப்புடுங்கண்ணே, பூரா முள்ளு” என்றார். சாப்பிட்டேன். பூரா முள்தான்.

ஜோதிமணிக்குத் தையில் காது குத்தினார்கள். ராக்கம்மாவுக்குச் சித்தப்பா மகன் முறையுள்ள ஒருவரின் மடியில் உட்காரவைத்தார்கள். பிறகு வந்த விசேஷங்களுக்கெல்லாம் அவரே தாய்மாமனாக உட்கார்ந்தார்.

சோலைமுத்து ஜூனில் ஊருக்குப் போனார். அடுத்த வருடம் அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி.

அனந்தகிருஷ்ணன் அதற்குப் பிறகு மீன் பிடிக்கவில்லை. 2009இல் நங்கநல்லூர் திரும்பினார்.

தூண்டில் என்னிடம் இருக்கிறது.