எஸ்.டி.டி. பூத்துக்குள் பெய்த மழை

ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருந்த ஓஸ்வால்ட் பொய் சொன்னால் அவர் நிற்கிற இடத்தில் மட்டும் மழை பெய்யும். சின்னப் பொய்க்குத் தூறல், பெரிய பொய்க்குக் கொட்டு மழை. மேலே கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் அவர் வேலை பார்த்த காலம் முழுக்க மேலதிகாரிகள் அவரிடம் விளக்கம் கேட்டதில்லை, பார்சல் நனைந்துவிடும் என்று. தெருக்காரர்கள் நாங்கள் இதை அதிசயம் என்று கும்பிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் அவ்வளவு உயர்ந்த ஜாதி இல்லை. காவேரித் தண்ணீர் வராத நாட்களில் குடங்களோடு அவர் வாசலில் போய் நின்று, "அங்கிள், சின்ன வயசுல நீங்க ஃபுட்பால்ல பெரிய ஆளாமே?" என்று கேட்போம். மனுஷனுக்கு வாயைக் கட்டத் தெரியாது. மெட்ராஸ்காரர்களுக்கு எதிராகப் போட்ட கோலில் ஆரம்பிப்பார். துணி துவைக்கிற தண்ணீர்வரை சேர்ந்துவிடும். வெட்கம், மானம் எல்லாம் குடம் நிறைந்த பிறகுதான் எங்களுக்கு.

1996இல் அவருடைய ஒரே மகள் பிரிசில்லாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மா அன்னம்மாள் துணைக்குப் போனாள். ஓஸ்வால்டும்தான் போனார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இது பல்லு புடுங்கற மாதிரிதாம்மா, எனக்குக் கொஞ்சம்கூட பயமில்ல," என்றார். மெத்தை, தலையணை, அடுத்த கட்டில்கார அம்மாள் மூடி வைத்திருந்த இட்லி எல்லாம் ஊறிப்போயின. நர்ஸ் அவருக்கு ஒரு துண்டைக் கொடுத்தாள். பிரிசில்லா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். "டாடி, நீங்க வீட்டுக்குப் போயிடுங்க. நீங்க தைரியம் சொன்னாதான் எனக்கு ரொம்ப பயமாருக்கு," என்றாள். அவர் பஸ் ஏறித் திரும்பி வந்தார்.

ஆபரேஷன் அன்று காலை ஓஸ்வால்ட் சந்திரம்மாவின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். போனில் பேசினால் மழை தெரியாது என்று அவருக்கு யோசனை சொன்னது நாங்கள்தான். எங்கள் புத்தியைப் பாருங்கள், கூடவே குடங்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். வார்டு வராந்தாவில் இருந்த போனுக்கு மகள் வந்தாள். "எனக்கு ஒரு பயமும் இல்லம்மா, ராத்திரி கொறட்டை விட்டுத் தூங்கினேன். நீ தைரியமா போ," என்றார். கண்ணாடிக்கூண்டுக்குள் தண்ணீர் முழங்கால்வரை ஏறியது. கொட்டுகிற சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்போல. "டாடி, அங்க மழையா?" என்று கேட்டாள். "சேச்சே, சுள்ளுன்னு வெயில்." தண்ணீர் இடுப்புக்கு வந்தது. "சந்திரம்மா ஆன்ட்டிகிட்ட போனைக் குடுங்க," என்றாள் பிரிசில்லா.

சந்திரம்மா யார் வீட்டுக் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்றாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள். பொய் அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. அவள் கதவைத் திறந்து ஓஸ்வால்டைப் பார்த்தாள். தொப்பலாக நனைந்த மனுஷன் சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். போனை வாங்கி, "ஐயோ, ஒரு சொட்டு இல்ல கண்ணு. உங்கப்பா ஜம்முனு நின்னுட்டிருக்காரு," என்றாள். அவள் தலைமேல் தூறல் விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் குடத்தோடு நின்ற லட்சுமம்மாவிடம் போனை நீட்டினாள். "காஞ்சு கெடக்குது பிரிசி, நம்ம தெருல குடிக்கவே தண்ணி இல்ல," என்றாள் லட்சுமம்மா, அவளும் நனைந்தாள். கோவிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற வித்தியாசமில்லாமல் தெருவே வரிசையில் நின்று பச்சைப் பொய் சொன்னது. தெரு முழுக்க மழை கொட்டியது. குடங்கள் நிரம்பி வழிந்தன, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிசில்லா கடைசி ஆள்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லையாம். ஒரு ஆள் நனைகிற சத்தமும் ஒரு தெருவே நனைகிற சத்தமும் வேறு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சிரித்துக்கொண்டேதான் டிராலியில் ஏறினாள் என்கிறாள் அன்னம்மாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தாள். மழைதான் ஓஸ்வால்டோடு நிற்காமல் எங்கள் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது எங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், பார்க்கப் போகிற நாங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு குடையும் எடுத்துக்கொண்டு போகிறோம், தைரியம் சொல்லும்போது நோயாளியின் தலைக்குமேல் பிடிக்க.