காற்று இறக்காத துப்பாக்கிகள்

விடிவதற்குள் தகரக் கொட்டகையில் வேலை தொடங்கிவிடும். பென்சில்வேனியா மலைகளில் ஏப்ரல் மாதத்துக் குழாய்த் தண்ணீர் எலும்புவரை குத்தும். முந்தின நாள் விளையாடியவர்கள் போட்டுவிட்டுப் போன, சாயக் குண்டு சுடும் பெயிண்ட்பால் துப்பாக்கிகள் மேஜையில் குவிந்து கிடந்தன. உடைந்த குண்டுகளின் ஆரஞ்சுச் சாயம் குழலுக்குள் பிசினாய் ஒட்டியிருந்தது. துணி சுற்றிய கோலை விட்டு இழுக்க இழுக்க, எங்கள் நகக்கண்களிலும் அந்த நிறம் ஏறியது.

துப்பாக்கியைத் திறக்க ஒரு முறை உண்டு. குழல் வாய்க்கு உறை மாட்டி, குண்டுக் குடுவையைக் கழற்றி, காற்று உருளையை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். அப்போதும் உள்ளே காற்று தங்கியிருக்கும். ஆளில்லாத பக்கம் நீட்டி, சத்தம் அடங்கும்வரை விசையை இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் பின்மூடியில் கை வைக்கலாம்.

முதலாளி ரஸ்ஸலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆட்களைக் குறைத்தவர், "உருளையோடவே தொடைச்சு வைங்க" என்று விரட்டினார். எங்களுக்கென்று இருந்த பாதுகாப்புக் கண்ணாடிகளையும் விளையாட வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

"ஹாலோவீனுக்கு நான் வேஷமே போட வேணாம் மார்லா. கையைக் காட்டினா போதும், ஆரஞ்சுப் பூசணிக்காய்தான்" என்றாள் என் பக்கத்தில் நின்ற வெர்னா. சிரித்தபடியே, உருளை கழற்றாத ஒரு துப்பாக்கியில் பின்மூடியைப் பிடித்திருக்கும் ஊசியை உருவினாள்.

அடைபட்ட காற்று வெடித்தது. பின்மூடி தெறித்து அவள் முகத்தில் அடித்தது. அவள் அலறவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "லைட்டை யாராவது போடுங்களேன்" என்றாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு ரஸ்ஸல் வந்தார்.

"கவனமில்லாம வேலை செஞ்சா இப்படித்தான். விளையாட ரெண்டு பஸ் ஆளுங்க வந்துட்டிருக்காங்க. ம், ஆகட்டும்."

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எங்களோடு துடைக்கும் டுவைட், அவர் முன்னால் வாயே திறக்காதவன், நிமிர்ந்தான். "அவ எப்படி இருக்கான்னுகூடக் கேக்கலையே ரஸ்ஸல்?"

"நான் என்ன டாக்டரா?"

"உருளையைக் கழட்ட வேணாம்னு சொன்னது யாரு?" என்றேன் நான்.

"சீக்கிரம் முடிங்கன்னு சொன்னேன். கண்ணைக் குத்திக்கவா சொன்னேன்?"

இந்த வேலை போனால் பள்ளத்தாக்கில் மிச்சம் இருப்பது கோழி வெட்டும் ஆலைதான். ஆனாலும் ஒரு துப்பாக்கியை எடுத்தேன். உருளையைத் திருகி எடுத்தேன். மணல் பெட்டியை நோக்கி விசையை இழுத்தேன், சத்தம் ஓயும்வரை. டுவைட்டும் ஒன்றை எடுத்தான்.

"இப்படிச் செஞ்சா மத்தியானம் ஆயிடும்!"

"ஆகட்டும். காத்தை இறக்கி வெச்சிடுறோம். கண்ணாடி வர்ற வரைக்கும் ஒண்ணையும் திறக்க மாட்டோம்" என்றேன்.

"அப்ப வெளிய போங்க. மைதானத்துப் பசங்களை வெச்சுச் செஞ்சுக்கறேன்."

கோடு போட்ட சட்டையில் ஆட்ட நடுவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவனான டிரென்ட் சொன்னான்: "நாங்க தொட மாட்டோம் ரஸ்ஸல். இன்னைக்கு விசிலும் ஊத மாட்டோம்."

ரஸ்ஸல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார். வேறு ஆள் தேடுகிறார் என்று புரிந்தது. வெயில் நன்றாக ஏறியபோது வெர்னாவின் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். இடது கண் போய்விட்டது. அதை எல்லோருக்கும் நான்தான் சொன்னேன்.

டுவைட் எதிர்ப்பக்கம் இருந்த தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். நடுவர்கள் உள்ளே வந்து ஈரத் தரையிலேயே அமர்ந்தார்கள். சரளைக் கல் நெரிபட, பேருந்துகள் வந்து நின்றன.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.