சாயம் ஏறாத ஸ்லைடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், லேபில் எல்லோருக்கும் தெரியும். மார்பில் எடுத்த கட்டியை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது இருபது வருடமாக என் வேலை. புற்றுச் செல்களில் ஹார்மோன் ஏற்பி இருந்தால் அவை பழுப்பாகும். அது நல்ல சேதி. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கேட்கும், நோய் திரும்பாமலிருக்க நல்ல வாய்ப்பும் உண்டு. பழுப்பாகாமல் நீலமாகவே நின்றால் அந்த வழி அடைபட்டது.

சற்குணம், வயது நாற்பத்தாறு, பழவங்காடி. அவளுடைய ஸ்லைடு முழுக்க நீலமாகவே நின்றது.

"நெகட்டிவ்தானே சேச்சி? சைன் பண்ணட்டே?" என்றார் டாக்டர் ஆர்ஷா, மலையாளம் கலந்த தமிழில்.

"பொறுங்க டாக்டர். பக்கத்துல இருக்க நல்ல பால்குழாயப் பாருங்க. அதுவும் நீலமால்லா இருக்கு!"

நோயில்லாத பால்குழாயில் ஏற்பி கொஞ்சமாவது இருக்கும். அதுவே நிறம் மாறவில்லை என்றால் கோளாறு சோதனையில்தான். ஆபரேஷன் தேதியைப் பார்த்தேன். ஆறாட்டு நாள்! பெருமாள் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகிற அன்று பிற்பகல் ஊருக்கே லீவு. நாங்களும் கட்டியை அறுத்துத் திறக்காமல் முழுசாக, திசு கெடாமல் காக்கும் பார்மலின் மருந்தில் போட்டுவிட்டு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டோம். மருந்து உள்ளே இறங்குவதற்குள் ஏற்பிகள் கெட்டுப்போயிருக்கும். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"ரிப்போர்ட் எவிடேன்னு சர்ஜன் ரெண்டு தடவை விளிச்சாச்சு, சேச்சி."

"விளிச்சா விளிக்கட்டும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசியில எடுத்த துண்டு இருக்கு. அது அப்பவே பார்மலின்ல விழுந்தது. அதுல திரும்பப் போடுதேன். இதுல நீங்க கையெழுத்துப் போட்டா எனக்குச் சோறு இறங்காது."

மறுநாள் புது ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். டாக்டர் குனிந்தவர் நிமிரவே இல்லை. பொறுமை போய், அவரை ஒதுக்கிவிட்டு நானே பார்த்தேன். எங்கு பார்த்தாலும் பழுப்பு! நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள். நான் போட்ட கூச்சலில் ரிசப்ஷன் பெண் பதறி ஓடிவந்தாள். டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் நகல் வாங்க சற்குணம் வந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. அஞ்சு வருடம் மாத்திரை, தேவைப்பட்டால் பத்து வருடம் என்று அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சொன்னாராம். தினமும் விழுங்கணுமே என்று அலுத்துக்கொள்வாள் என நினைத்தேன்.

அவள் மருந்துச் சீட்டைக் கவுண்டரில் ஓங்கி வைத்தாள்.

"இவ ஆறு மாசம் தாண்ட மாட்டான்னு சொந்தக்காரங்க பேசிக்கிட்டு நடந்தாங்க. எனக்குப் பத்து வருசத்துக்குல்லா மருந்து சொல்லியிருக்கு!"