லூபேனின் முழங்கால்

என் புருஷன் கோர்வாலின் பேரைக் கேட்டால் பாரிஸ் சீமான்கள் தொப்பியைக் கழற்றுகிறார்களாம். தாராளமாகக் கழற்றட்டும். அவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்குத்தான் வெட்கத்தில் முகம் எரிகிறது.

கோயில்காரர்களைக் கிழி கிழியென்று கிழித்து அவர் பேர் போடாமல் எழுதிய புத்தகம், ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி மீன் பீப்பாய்க்குள் ஒளிந்து எங்கள் ஊருக்கு வந்தது. கோயில் பூசை அப்பத்துக்கு முன்னால் மண்டியிடுகிறவன் தன் அறிவையும் சேர்த்தல்லவா தரையில் போடுகிறான் என்று அதில் கேட்டிருந்தார். அவருடைய பொய்முடிக்கு மாவு பூச வரும் லூபேன் அதை மனப்பாடமாக ஒப்பிப்பான்.

"என்னமா கேட்டிருக்கீங்க ஐயா! எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலே" என்பான். இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்காலத்தில் லூபேன் எங்கள் மாடிப்படியில் விழுந்து முழங்கால் வீங்கியபோது, இவரே தன் கையால் கட்டுப் போட்டார்.

வசந்தத்தில் ஒரு மழை நாள். சந்தையிலிருந்து நாங்கள் திரும்பும்போது மணிச் சத்தம் கேட்டது. சாகக் கிடக்கும் யாருக்கோ பாதிரியார் நற்கருணை அப்பம் எடுத்துப் போகிறார். அது கடந்து போகும்போது நிற்பது குற்றம்; தெருவே சேற்றில் மண்டியிட்டது. நானும் மண்டியிட்டேன், எனக்கு நம்பிக்கை உண்டு. பக்கத்தில் பார்த்தால் இவர் எனக்கு முன்பே மண்டியிட்டு, தலையும் குனிந்திருக்கிறார்!

எதிரே லூபேன் நின்றுகொண்டிருந்தான். சற்று முன்புதான் இவரைப் பார்த்து வணங்கியிருந்தான். ஐயாவும் நிற்பார் என்ற தைரியத்தில் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினான். இவரைத் தரையில் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. அதற்குள் கோயில் சேவகன் அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கால்சட்டையைப் பார்த்து, "இந்தச் சேறு போகுமா?" என்றார்.

"சேறு போயிடும். மத்ததை என்கிட்ட கேக்காதீங்க."

மறுநாள் லூபேனின் மனைவி மாத்யூரின் ஓடிவந்தாள். எங்கள் துணி துவைப்பவள் அவள்தான். "ஐயா, முழங்கால் மடங்கலேன்னு அவரு சொல்லியிருக்காரு. நீங்கதானே கட்டுப் போட்டீங்க? அதை மட்டும் நீதிபதிகிட்ட சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா நம்புவாங்க. இல்லேன்னா கைதியாக் கப்பல்ல துடுப்பு போட அனுப்பிடுவாங்க."

"அழாதேம்மா. நான் சொல்றேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

சாட்சியை மூடிய கதவுக்குப் பின்னால்தான் கேட்பார்கள். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் காத்திருந்த மாத்யூரினிடம், "என்னால ஆனதைச் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் அவர் கோட்டு நுனியை முத்தமிட்டாள். பாவி மகள்!

நான் விடவில்லை. "என்ன சொன்னீங்க?"

"அவன் உங்க வீட்டுக்கு எதுக்கு வர்றான், என்ன பேசுவீங்கன்னு நீதிபதி கேட்டாரு, பெரின். என் புத்தகம் அவரு மேசை மேலேயே கிடந்துச்சு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. முடிக்கு மாவு போடுவான், அவ்வளவுதான் தெரியும்னுட்டேன்."

"முழங்கால்?"

"தெரியாதுன்னுட்டேன்."

அன்று அவருக்குச் சோறு போட எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் போட்டேன். சீ, அதுவும் ஒரு பிழைப்பா!

லூபேனைச் சந்தையில் கம்பத்தில் கட்டி நிறுத்தி, தோளில் சூடு போட்டு, சங்கிலி பூட்டித் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். இவர் அறைக்குள் புகுந்து எழுத ஆரம்பித்தார். இலையுதிர்காலத்தில் லூபேனுக்கு நடந்ததைச் சொல்லும் அந்தச் சிறு புத்தகம் வெளிவந்தது. பாரிஸில் அதைப் படித்துப் பிரபுக்களே அழுதார்களாம். அதன்பிறகு எங்கள் ஊரில் மண்டியிடாததற்காக யாரையும் பிடிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பகல் மாத்யூரின் துவைத்த துணியோடு வந்தாள். "எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஐயா எழுதினது அச்சுல வந்திருக்காமே. எனக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் படிங்கம்மா."

படித்தேன். அழுதுகொண்டே கேட்டாள். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது. 'அந்த முழங்காலின் காயத்தைக் கண்ணால் கண்ட ஒருவன் அந்த ஊரில் இருந்தான். அவன் வாய் திறந்திருந்தால் லூபேன் இன்று வீட்டில் இருப்பான். அவன் கோழை.' தன்னைத்தான் எழுதியிருக்கிறார். பேரை மட்டும் எழுதவில்லை.

மாத்யூரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "யாரும்மா அந்தப் படுபாவி? ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்குமே. கேட்டுச் சொல்லுங்க."

எழுந்து அவர் அறைக் கதவைத் தட்டினேன். "வெளியே வாங்க. அது யாருன்னு மாத்யூரின் கேக்கிறா. நீங்களே சொல்லிடுங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவை நோக்கிக் காலடி வந்தது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

மாத்யூரின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயா நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, துணிக்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.