பதிவில் ஏறாத வாக்கியம்

தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுத்த எண்ணெய் வாசனை செவ்வாய்க்கிழமை ஆனாலும் போவதில்லை. பிங்கோ மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த சட்டமன்றக் குழுவினர். அவர்களுக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே, சற்று ஒதுங்கி, லோரெட்டா தன் சுருக்கெழுத்து இயந்திரத்தை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி உட்கார்ந்திருந்தாள்.

பேசுகிறவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது அவள் தொழில். அந்த இயந்திரத்தில் ஒலியைக் கொண்டுதான் எழுத வேண்டும். நான்கைந்து விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒரு சொல். அடிக்கடி வரும் சொற்றொடருக்கு அவளே ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்வாள். அன்று முதல் ஐந்து பேர் பேசி முடிப்பதற்குள் ‘என் பிள்ளைகளுக்காக’ என்பதற்கு ஒன்று வைத்துவிட்டாள். சேர வேண்டும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

கிழக்குக்கரை மாநிலங்கள் கூடி நடத்தும் கரியமில வாயு ஏலத்தில் பென்சில்வேனியாவும் சேர்வதா என்பதுதான் பேச்சு. சேர்ந்தால் மின்நிலையங்கள் தாங்கள் வெளிவிடும் வாயுவுக்கு டன் கணக்கில் அனுமதி வாங்க வேண்டும். நிலக்கரி எரிக்கும் இந்த ஊர் நிலையத்துக்கு அது கட்டுப்படியாகாது, மூடிவிடுவார்கள் என்று ஊரே நம்பியது. மூடினால் முதலில் வேலையிழந்து வீட்டுக்கு வருகிறவர்களில் வேய்ன் ஒருவன். அவன் அங்கே கொதிகலன் பிரிவில் இருந்தான். லோரெட்டாவின் தங்கை ஜனீனுடைய கணவன்.

ஞாயிற்றுக்கிழமை ஜனீன் தன் சமையலறையில் பியெரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டிக்கொண்டே, யூனியன்காரர்கள் மனைவிமார்களையும் பேசச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். வேய்னே அவள் பெயரைக் கொடுத்திருந்தான். என்ன பேச வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த அறையில் மகன் ஓவனுக்கு மூச்சு மருந்து கொடுக்கும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஜனீன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவங்க சொன்னதச் சொல்லிட்டு, கடைசில நான் ஒண்ணு சேத்துக்கப் போறேன். பிளான்ட் பக்கமிருந்து காத்தடிக்கிற அன்னிக்கு எம் பையன் உக்காந்துக்கிட்டேதான் தூங்குறான். அவ்வளவுதான். மூடுங்கன்னும் சொல்லமாட்டேன், மூடாதீங்கன்னும் சொல்லமாட்டேன்.”

“வேய்னுக்குத் தெரியுமா?”

“அங்க கேட்டுக்கட்டும். வீட்ல சொன்னா ஓஹியோவ இழுப்பான்.”

வேய்ன் ஓஹியோவை இழுப்பது லோரெட்டாவுக்கும் தெரியும். இங்கே மூடினால் எல்லைக்கு அந்தப் பக்கம், ஏலத்தில் இல்லாத ஓஹியோவில் இன்னும் அதிகமாக எரிப்பார்கள், மேற்குக் காற்றில் அந்தப் புகை எப்படியும் ஓவனின் ஜன்னலுக்குத்தான் வரும், நமக்கு வேலையும் போய் புகையும் மிஞ்சும் என்பான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் தொந்தரவாக இருந்தது. மகன் இருமும்போது முதலில் எழுந்து ஓடுகிறவனும் அவன்தான்.

“நீதான எழுதப்போற?” என்று ஜனீன் கேட்டாள். “நான் சொன்னா அது இருக்கும்ல? அழிக்க முடியாதுல்ல?”

சொன்னது இருக்கும் என்றாள் லோரெட்டா.

இப்போது கூடத்தில் ஒலிவாங்கிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசி இறங்கினார்கள். குழுவினர் யாரும் பேனாவைத் தொடவில்லை. இருபது வருடமாக இப்படிப்பட்ட மேசைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துவந்த லோரெட்டாவுக்கு, முடிவெடுத்துவிட்டு வந்தவர்களின் கை எப்படி இருக்கும் என்று தெரியும். அவர்களை ஜனீனின் வாக்கியம் அசைக்காது. ஆனால் ஜனீன் அவர்களுக்காகப் பேசவில்லை. தன் வீட்டில் சொல்ல முடியாததை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், அது எங்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது ஒன்றும் பெரிய ஆசையில்லை என்று லோரெட்டா நினைத்துக்கொண்டாள்.

ஜனீனின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையில் யூனியன் சட்டைக்காரர்கள் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்தவன் வேய்னின் தோளில் இடித்து, “உன் சம்சாரமாவது நேரா பேசுவா, நீ திக்குவ,” என்றான். வேய்ன் சிரித்தான். காது சிவந்திருந்தது. பெருமைதான்.

ஜனீன் தன் பெயரைச் சொன்னாள். கணவன் எத்தனை வருடமாக அங்கே வேலை செய்கிறான் என்று சொன்னாள். பள்ளிக்கூடம், வரி, காலியாகும் கடைகள், சொல்லிக் கொடுத்ததெல்லாம் வரிசையாக வந்தது. லோரெட்டாவின் விரல்கள் பின்னாலேயே போயின. பிறகு ஜனீன் நிறுத்தினாள். கீழே பார்த்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். அதே நேரத்தில் கூரையிலிருந்த ஹீட்டர் முழங்கத் தொடங்கியது. ‘காத்து’ மட்டும் லோரெட்டாவுக்குக் கேட்டது. மற்றது உதடு அசைந்ததுதான்.

குழுத் தலைவர் லோரெட்டாவின் பக்கம் திரும்பினார். “மேடம், உங்களுக்குக் கேட்டுச்சா?”

அன்று மத்தியானம் முழுக்க யாரும் அவளைப் பார்க்கவில்லை. இப்போது கூடமே பார்த்தது. மீதி வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். விரல்கள் விசைகளின் மேலேயே இருந்தன, நான்கைந்து அழுத்தல் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் கேட்டதை இந்தக் கூடத்தில் கேட்டதாக எழுத முடியாது. அப்படி எழுதக்கூடியவளாக இருந்தால் இத்தனை வருடம் எழுதியதெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிடும். தவிர, திரும்பச் சொல்லச் சொன்னால் ஜனீன் உரக்கச் சொல்லிவிடுவாள் என்றும் அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது.

“கேக்கல. இன்னொருவாட்டி சொல்லச் சொல்லுங்க.”

ஜனீன் அக்காவைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. படிக்கட்டில் கால் வைத்தபின் படி இல்லை என்று தெரிந்தவளின் பார்வை. பிறகு வேய்னைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருக்கவில்லை. ஒரு கையைக் காதோரம் குவித்து, முன்னால் சாய்ந்து, சொல்லு சொல்லு என்று தலையாட்டினான்.

“எங்க பிளான்ட்ட விட்டுருங்கன்னு சொன்னேன்,” என்றாள் ஜனீன், ஒலிவாங்கிக்கு நேராக, தெளிவாக.

கைத்தட்டல் கொஞ்சநேரம் ஓயவில்லை. லோரெட்டா அந்த வாக்கியத்தை எழுதினாள். கைத்தட்டலையும் எழுதினாள்.

இடைவேளையில் ஜனீன் காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து அக்கா பக்கத்தில் வைத்தாள். வேய்ன் வண்டியைச் சூடாக்கப் போயிருந்தான். போகும்போது அவன் கண் கலங்கியிருந்ததாக அவள் சொன்னாள்.

“நல்லவேள நீ கேட்ட, லோர். மொதல்ல சொன்னதே ஏறியிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வண்டில ஏறுவேன்?”

நன்றி சொல்கிறாளா என்று லோரெட்டாவுக்குப் புரியவில்லை. நன்றியாகத்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் எதையாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

“அதுல எதாச்சும் மாத்த முடியுமா?” என்று ஜனீன் கேட்டாள், கோட்டின் ஜிப்பை ஏற்றிக்கொண்டே. “பின்னாடி எப்பவாச்சும்.”

“எழுத்துப்பிழை இருந்தா திருத்தலாம். சொன்னத மாத்த முடியாது.”

“பிழையெல்லாம் இருக்காது. நீ சரியாத்தான் எழுதியிருப்ப.”

வெளியே ஹாரன் ஒருமுறை மெதுவாக ஒலித்தது. ஜனீன் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். கதவு திறந்து மூடும்போது உள்ளே வந்த காற்றில் தலைவரின் காகிதங்கள் பறந்தன. யாரோ குனிந்து பொறுக்கினார்கள். அடுத்தவர் பெயரைப் படித்தார்கள்.