இடது கையைப் பார்க்கும் வில்லன்

காரைக்காலில் என்னைத் திட்டாத வாய் கிடையாது. கடைத்தெருவில் நடந்தால் கருவாடு விற்பவள் காறித் துப்புவாள். கோவில்பத்தில் ஒருத்தி மண்ணை வாரி என் மேல் இறைத்து, "அந்தப் புள்ளைய அப்படி ஒதைக்கிறியே, ஒங் காலு அழுவிப் போவ" என்று சாபம் விட்டாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு போவேன். நாடகத்தில் வில்லன் வேஷம் கட்டுகிறவனுக்கு வசவுதான் மாலை, வசவுதான் மரியாதை. என்றைக்குத் திட்டவில்லையோ அன்றைக்கு வேஷம் சரியில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒரே ஒருத்தியின் வாய்க்கு நான் பயந்தேன். ஐம்பத்து நாலிலிருந்து ஐம்பத்தேழு வரை மூன்று வருடம், அவள் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டுவிடக் கூடாதே என்று பயந்து செத்தேன். அவள் பெயர் கைருன்னிஸா. என் சிநேகிதன் கமாலுதீனின் அக்கா. முதல் தடவை கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். இன்னொரு தடவை என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் உத்திராபதி. ஊர் வரிச்சிக்குடி. அப்பா பண்ணையாள். எங்கள் மிராசுதார் உதைப்பதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். வேட்டியைத் தூக்கிக் கட்டுவார். பிறகு உதைபடுகிறவனைப் பார்க்காமல், எங்கோ வாய்க்காலைப் பார்த்தபடி விலாவில் விடுவார் ஒன்று. களத்தில் சிந்திய நெல்லை மடியில் கட்டினேன் என்று பத்து வயதில் எனக்கும் அதைக் கொடுத்தார். மூன்று நாள் மூச்சு விட முடியவில்லை. நாலாம் நாள் காரைக்காலுக்கு ஓடி வந்துவிட்டேன். பின்னால் அந்த உதையை வைத்துத்தான் சோறு தின்றேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்களே, என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஓடி வந்தவனுக்குச் சோறு போட்டது கமாலுதீன் வீடு. அவனுக்கும் என் வயசுதான். தாய் தகப்பன் இல்லை. பத்து வயது மூத்த கைருன்னிஸாதான் அவனை வளர்த்தாள். அவள் புருஷன் சைகோனுக்குக் கப்பல் ஏறினவன், போனவன் போனவன்தான். இடியாப்பம் அவித்து வீடுகளுக்குக் கொடுத்துத் தம்பியை ஆளாக்கினாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கை அதைவிட நீளம். அடுப்பிலிருந்து சவுக்குக் கட்டையை உருவி எங்கள் இரண்டு பேரையும் தெருக்கோடி வரை விரட்டியிருக்கிறாள். அவன் அக்காவை ராத்தா என்பான், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

இரண்டு பேரும் நாடக சபாவில் சேர்ந்தோம். எனக்கு மிராசுதார் வேஷம், அவனுக்குக் குத்தகைக்காரன் வேஷம். களத்துமேட்டில் அவனை நான் நாலு உதை உதைக்கிற காட்சிதான் நாடகத்துக்கே உயிர். விஷயம் ராத்தா காதுக்குப் போனது. எங்கள் இரண்டு பேரையும் கொல்லையில் நிறுத்தி, செய்து காட்டச் சொன்னாள்.

"ஒருத்தன் ஒதைப்பானாம், ஒருத்தன் வாங்குவானாம், இதுக்கு டிக்கெட்டு வேறயா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "டேய் உத்ராபதி, இங்க பாரு. இவனுக்கு நெசமா வலிச்சா எடது கையால தரையில மூணு தட்டு தட்டுவான். தட்டுனா நீ நிறுத்திடணும். எதுத்தாப்புல ராஜாவே உக்காந்திருந்தாலும் சரி. சத்தியம் பண்ணு."

"எங்க சாமி மேல சத்தியமா நிறுத்திடறேன் ராத்தா."

"எந்தச் சாமியா இருந்தா என்ன, சொன்ன சொல்லு நிக்கணும்" என்றாள்.

மேடையில் உதைக்கு ஒரு தந்திரம் உண்டு. கமாலுதீன் சட்டைக்குள் இடது விலாவில் சாக்கை நாலாக மடித்துக் கட்டிக்கொள்வான். என் கால் அந்தச் சாக்கில்தான் விழும். அதே நேரம் ஊன்றிய காலின் குதிகாலால் ஆணி கழன்ற பலகையை ஓங்கி மிதிப்பேன். பொத்தென்று சத்தம் கொட்டகைக் கடைசி வரை போகும். அவனுக்கு வலிக்கவே வலிக்காது. ஆனால் பயலுக்குக் குறும்பு. ஒன்றுமே இல்லாமல் சும்மா தட்டுவான். நான் பதறி நிறுத்துவேன், வசனம் குழறும், அவன் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பான். இரண்டாம் தடவை அப்படிச் செய்தபோது திரைக்குப் பின்னால் அவன் கழுத்தைப் பிடித்தேன். "இன்னொரு தடவை சும்மா தட்டுனே, நெசமாவே கொன்னுடுவேன்டா" என்றேன். நாக்கில் சனி.

ஐம்பத்து நாலில் ஊர் கொதித்துக் கிடந்தது. பிரெஞ்சுக்காரன் போகவேண்டும், இந்தியாவோடு சேரவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம். கமாலுதீன் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு சுற்றுவான். பிரெஞ்சுக்காரனே இருக்கட்டும் என்ற எதிர்க்கட்சிக்குக் கம்பும் கத்தியும் தூக்கச் சில பேர் இருந்தார்கள். பொழுது சாய்ந்தால் கூட்டம் கூடக் கூடாது என்று தடை. அதனால் நாடகத்தை ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தோம்.

அந்த ஞாயிறுக்கு மெட்ராஸிலிருந்து சண்முகசுந்தரம் வந்திருந்தார். சினிமாக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். பண்ணைக் காரியக்காரன் வேஷத்துக்கு முரட்டு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "பிடிச்சுதுன்னா கையோட அழைச்சுக்கிட்டுப் போயிடறேன்யா" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கமாலுதீனுக்குத்தான் என்னைவிடக் குஷி. "மாப்ளே, நீ போயிட்டா நான் யாருகிட்டடா ஒதை வாங்குறது?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாடகத்தன்று மணியடிக்க அரைமணி இருக்கும்போதுதான் வந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. "என்னடா?" என்றேன். "வெயிலுடா" என்றான். நான் மீசை ஒட்டுகிற அவசரத்தில் மேற்கொண்டு கேட்கவில்லை.

நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காலையில் அரசலாற்றுப் பாலத்துக்கிட்டே நாலு பேர் அவனைச் சைக்கிளிலிருந்து இழுத்துத் தள்ளியிருக்கிறார்கள். கொடியைப் பிடுங்கி மிதித்திருக்கிறார்கள். படகுத் துடுப்பால் விலாவில் மாறி மாறி அடித்திருக்கிறார்கள். இரண்டு எலும்பு அங்கேயே போய்விட்டது. வீட்டுக்குப் போனால் ராத்தா அறையில் போட்டுப் பூட்டிவிடுவாள், எனக்கு வந்த சினிமா போய்விடும். அதனால் வீட்டுக்கும் போகவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, வைத்தியரிடமும் காட்டவில்லை. வீக்கத்தின் மேல் சாக்கை இறுக்கிக் கட்ட முடியாமல் கட்டாமலே மேடையேறிவிட்டான். மடையன், எனக்காக.

களத்துமேடு காட்சி வந்தது. செருப்பைக் கழற்றினேன், வேட்டியைத் தூக்கிக் கட்டினேன், எங்கோ பார்த்தபடி முதல் உதை விட்டேன். கால் சாக்கில் விழவில்லை. சதையில் விழுந்தது. உள்ளே முறுக்கு நொறுங்குவது போல ஏதோ நொறுங்கியது. கமாலுதீன் ஒரு சத்தம் போட்டான். அது நாடகத்துச் சத்தம் இல்லை. இடது கை பலகையைத் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

விளையாட்டுக்குத் தட்டுகிறான் என்று நினைத்துவிட்டேன் என எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். சாக்கு இல்லை என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது. கால் பொய் சொல்லாது. நான் தலையை நிமிர்த்தி முன் வரிசையைப் பார்த்தேன். சண்முகசுந்தரம் பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாய் பிளந்திருந்தது. அவர் உட்காருவதற்குள் இரண்டாவது உதை விட்டேன்.

கமாலுதீன் மறுபடியும் தட்டினான். மூன்றாவது உதை. அதற்கு அவன் கை தட்டவில்லை, பலகையில் வழுக்கியது. நாலாவது. சனம் வெறிபிடித்துக் கத்தியது. செருப்பு பறந்து வந்தது. ஒரு சோடா பாட்டில் என் நெற்றியில் பட்டு உடைந்தது. ரத்தம் கண்ணில் வழிய, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். என் ஜென்மத்தில் அப்படி நடித்ததில்லை.

திரை விழுந்ததும் அவனைத் தூக்கினேன். வாயில் ரத்தம் நுரைத்தது.

"சீன் நல்லா வந்துச்சாடா?" என்றான்.

"வாயை மூடுடா. பேசாதே."

"ராத்தாகிட்ட சொல்லிடாதே மாப்ளே."

எதைச் சொல்ல வேண்டாம் என்றான்? காலையில் வாங்கிய அடியையா, என்னிடம் வாங்கியதையா? எனக்கு வசதியாக இரண்டையும் என்று வைத்துக்கொண்டேன். ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு பாங்கு சொல்வதற்கு முன்னால் போய்விட்டான்.

துடுப்படி விழுந்த தடம் முதுகு வரை நீலம் பாரித்துக் கிடந்தது. எலும்பு காலையிலேயே உடைந்திருக்கிறது, அதோடு நடித்திருக்கிறான், துண்டு நுரையீரலில் குத்திவிட்டது என்றார் டாக்டர். என் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை. ராத்தா மட்டும் திரும்பினாள். கையில் இடியாப்ப மாவு காயாமல் ஓடி வந்தவள், அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"தட்டலையாடா அவன்?"

"இல்ல ராத்தா."

"வலிச்சா தட்டுவானே."

"தட்டல ராத்தா."

அவன் மையத்தைத் தூக்கிப் போனபோது பின்னால் ஊரே நடந்தது. நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது மேரி என்கிற நகராட்சி ஆபீஸ் வாசலில், தியாகி என்று அவன் படத்துக்கு மாலை போட்டார்கள். உற்ற தோழன் என்று என்னையும் மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கூட்டம் தேம்பியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஊரே சேர்ந்து சோறு கொட்டினால் மறைக்கலாம்.

மெட்ராஸில் ஏழு படத்தில் உதைத்தேன். கதாநாயகனின் அண்ணனை, வண்டிக்காரனை, கண் தெரியாதவனை. ஆனால் ஒரு பீடை என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் உதை விட்டதும் என் கண் தானாக அடிபட்டவனின் இடது கைக்குப் போகும். போகாதே என்றாலும் போகும். முதல் படத்து டைரக்டர் "எங்கய்யா பாக்குறே?" என்று கத்தினார். அப்புறம் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத் துள்ளினார். "துடிக்கிற கையை ரசிச்சுப் பாக்குறான்யா, என்ன கொடூரம்!" அதிலிருந்து அந்தப் பார்வைக்கென்றே காமிராவைக் கிட்டே கொண்டுவந்தார்கள். இடது கையைப் பார்க்கும் வில்லன் என்று பத்திரிகையில் பட்டம் போட்டார்கள். அதற்குக் கைதட்டல் வேறு. த்தூ.

ஐம்பத்தேழில் ஒரு படம் காரைக்காலுக்கு வந்தது. கொட்டகைக்காரர்கள் என்னை அழைத்து மாலை போட்டார்கள். மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ராத்தா வரச் சொன்னதாக ஆள் வந்து சொன்னது. சினிமாவே பார்க்காதவளை அந்தத் தெருவில் இருக்கிற பெண்கள் முந்தின நாள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

காலை பதினொரு மணி இருக்கும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ராத்தாவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. "உக்காரு" என்றாள். தரையில் உட்கார்ந்தேன். தட்டை வைத்தாள், இடியாப்பம் வைக்கவில்லை.

"சினிமா பாத்தேன். கண்ணு தெரியாத ஒருத்தனை ஒதைக்கிறே. ஒதைச்சிட்டு அவன் எடது கையைப் பாக்குறே. அப்புறம் மறுபடி ஒதைக்கிறே. எல்லாப் பொம்பளைவளும் பல்லைக் கடிக்கிறாளுவ. நான் மட்டும் அந்தக் கையையே பாத்தேன். எதுக்குடா கையைப் பாக்குறே?"

நான் காலித் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"அன்னிக்குக் கேட்டேன். இன்னொரு தடவை கேக்குறேன். எந் தம்பி தட்டுனானா?"

ஏழு படத்தில் நடித்த முகம் இது. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் கண் என் வாயில் இல்லை, என் காலில் இருந்தது.

"தட்டுனான் ராத்தா. மூணு தட்டு. பாத்தேன். பாத்துட்டு இன்னும் மூணு ஒதை ஒதைச்சேன். சினிமாக்காரர் முன்னாடி உக்காந்திருந்தாரு."

அடுப்பிலிருந்து சவுக்குக் கட்டையை உருவினாள். முதல் அடி தோளில் விழுந்து நெருப்புத் தெறித்தது. இரண்டாவது முதுகில். "ராஜாவே உக்காந்திருந்தாலும்னு சொன்னேனேடா! சொன்னேனேடா பாவி!" சட்டை பொசுங்கியது. பக்கவாட்டில் சாய்ந்தேன். இடது விலாவில் ஒன்று, அதே இடத்தில் இன்னொன்று. உள்ளே முறுக்கு நொறுங்கியது. எனக்குத் தெரிந்த சத்தம்தான். மூச்சு வரவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. என் இடது கை அவள் காலடியில், தரையில் விரிந்து கிடந்தது.

அதைப் பார்த்துவிட்டாள். ஓங்கிய கட்டை அப்படியே நின்றது. மூன்று வருடமாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"தட்டுடா" என்றாள். "தட்டித் தொலைடா. நிறுத்திடறேன்."

நிறுத்தியிருப்பாள். அவள் சொன்ன சொல் நிற்கும். நான் கையை இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டேன்.